சொல்லிக் கொடுத்தல்: தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களில் மழலையர் இறைவேண்டற் கல்வி

தமிழில் முதன்முதல் அச்சேறிய நூல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அச்சு வரலாறாகவே அமைந்துள்ளன. எழுத்துகளை வார்த்தவர் யாவர், பக்கங்கள் எத்தனை, எஞ்சிய படி எந்நூலகத்தில் உள்ளது என்பன விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அந்நூல்கள் யாருடைய வாயில் பயில்வதற்காக ஆக்கப்பட்டன என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. தம்பிரான் வணக்கமும் (1578) கிரீசித்தியானி வணக்கமும் (1579) புலவர்க்காக எழுந்தவை அல்ல. எழுத்தறியாதார்க்கு, அவருள்ளும் சிறுவர்க்கு, சொல்லிக் கொடுப்பதற்காக எழுந்தவை அவை. இறைவனையும் இறைவேண்டலையும் குழந்தைக்குக் கற்பிக்கும் பொறுப்பு தமிழ்க் கத்தோலிக்கரிடையே யாரிடமிருந்து யாரிடம் சென்றது என்பதையும், அதனூடே தமிழ்ச் சொற்கள் எய்திய மாற்றத்தையும் இக்கட்டுரை நோக்குகிறது.

பிள்ளை கற்பிக்கப் பெற்றோர் கற்றல்

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். எனினும் அவர்தம் மொழியில் வேண்டுதல்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1542இன் இறுதியில் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார் இரு மொழியும் அறிந்தவர் சிலரைக் கூட்டி, பல நாள் முயன்று, சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை மந்திரம் முதலியவற்றைத் தமிழாக்கித் தாமும் மனப்பாடம் செய்தார். கையில் மணியுடன் ஊரைச் சுற்றிச் சிறுவரையும் பெரியவரையும் அழைத்து, நாளுக்கு இருமுறை கற்பித்ததாக 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் கூறுகிறார். தாம் கற்றதைத் தாய் தந்தையர்க்கும் வீட்டார்க்கும் அயலார்க்கும் சொல்லிக் கொடுக்குமாறு சிறுவரை அவர் பணித்தார்.

இங்குக் கல்வியின் திசை தலைகீழாக உள்ளமை கருதத்தக்கது. பெற்றோர் பிள்ளைக்குக் கற்பிப்பதே இயல்பு என நாம் கொள்கிறோம். முதல் தலைமுறைக் கத்தோலிக்க இல்லத்திலோ வேண்டுதல் குழந்தையின் வாய்வழியாகவே வாயிலுள் நுழைந்தது. நோயாளிகளிடமும் சிறுவர்களே அனுப்பப்பட்டனர். இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பழைய வழிபாட்டைப் பெற்றோர் தொடரக் கண்டால் பிள்ளைகள் அவர்களைக் கடிந்தனர் என்றும், தம்மிடம் வந்து தெரிவித்தனர் என்றும், பின்னர்த் தம்முடன் சென்று உருவங்களை உடைத்தனர் என்றும் சவேரியார் மகிழ்ச்சியோடே எழுதுகிறார். சமயப்பணி வரலாறுகள் இப்பகுதியைப் பக்திச் சுவையோடு எடுத்தாள்வது வழக்கம். மனைக்குள் தெய்வத்தை இழந்த தாயின் பக்கத்திலிருந்து இதனைப் படிக்கும் ஆய்வும் வேண்டப்படுகிறது. அக்கடிதத்தில் அத்தாய்க்குக் குரல் இல்லை.

வாய்மொழிக் கல்வியில் பிழையும் விரைந்து பரவும். விசுவாச மந்திரத்தின் தொடக்கத்தில், நம்புதற்பொருள் தரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் அமைந்துவிட்டது. ‘கடவுளை நம்புகிறேன்’ என்பதற்கு ஈடாக ‘கடவுள் எனக்கு வேண்டும்’ என்பது போன்ற பொருள் விளைந்தது. இதனை அறிந்த சவேரியார் 1544இல் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், அச்சொல்லை நீக்கி விசுவாசம் என்னும் பொருளுடைய சொல்லைப் புகுத்துமாறு அறிவுறுத்தினார். ஏறத்தாழ ஈராண்டு அவ்வாறே கற்ற குழந்தைகள் அதனை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பர். திருத்தம் அத்தனை வீடுகளுக்கும் சென்று சேர்ந்திருக்குமா என்பது ஐயமே. ஒரு குழந்தையின் வாயில் ‘வேணும்’ என்பது அப்படியொன்றும் பொருந்தாத வேண்டுதல் அன்று என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கணக்கப்பிள்ளையும் குறிப்பிடமும்

சவேரியார் ஓரூரிலிருந்து மற்றோரூருக்குச் செல்ல வேண்டியிருந்தமையால் ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை ஒருவரை நியமித்தார். நாள்தோறும் சிறுவரைக் கூட்டி வேண்டுதல்களைக் கற்பித்தல் அவர் கடன். இவர்களின் ஊதியத்திற்காகப் போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த 4000 பணத்தைச் சவேரியார் கேட்டுப் பெற்றார். விண்ணகம் ஏறுதற்கு முத்துக்குளித்துறைக் குழந்தைகளினும் சிறந்த காலணி அரசிக்கு வாய்க்காது என்னும் கருத்துப்பட அவர் வேண்டியதாக அவர்தம் வரலாற்றாசிரியர் குறிப்பர். பின்னாளைய உபதேசியார், வேதியர் ஆகியோரின் முன்னோர் இக்கணக்கப்பிள்ளைகளே. வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்னும் உரைநடை நூலை இத்தகையோர்க்கென்றே இயற்றினார் என்பது அப்பணியின் நிலைபேற்றைக் காட்டும்.

அச்சு நூல்கள் இப்பின்னணியில் வைத்து எண்ணத்தக்கன. அண்டிரிக்கு அடிகளார் எனப்பட்ட என்றீக்கே என்றீக்கசின் தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. 16 பக்கமே உடையது. மனப்பாடத்திற்கு ஏற்ற அளவு. அடுத்த ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் கொச்சியில் வெளிவந்த கிரீசித்தியானி வணக்கமோ 120 பக்க அளவில் விரிந்தது. இதன் மூலம் மார்க்கோசு சோர்சு என்னும் சேசுசபைத் துறவி போர்த்துக்கீசிய மொழியில் சிறுவர்க்கென்றே எழுதிய உரையாடல் நூலாகும். ஆசிரியர் வினவ மாணவர் விடையிறுக்கும் அமைப்பினது. தமிழ் அச்சின் இரண்டாம் நூல் சிறுவர் நூலின் மொழிபெயர்ப்பு என்னும் செய்தி, சிறுவர் இலக்கிய வரலாறு எழுதுவோரால் போதிய அளவு கண்டுகொள்ளப்படவில்லை.

இவ்வினாவிடை மரபே பிற்காலத்தில் சின்னக் குறிப்பிடம் எனக் கத்தோலிக்கரிடையே வழங்கிய சிற்றேடுகளில் தொடர்ந்தது. நன்னூலார் வினாவை ஆறாக வகுப்பர். அவற்றுள் குறிப்பிடத்தின் வினா முழுவதும் அறிவினா. வினவுவோர் விடையை முன்பே அறிவார். மாணவர் அறிந்தாரா என்று காண்பதற்கே வினவுகிறார். இல்லத்தில் குழந்தை எழுப்பும் வினாவோ அறியாவினா. கடவுள் எங்கே தூங்குவார், இறந்த பாட்டிக்கு அங்கே பசிக்குமா என்பன எக்குறிப்பிடத்திலும் இடம்பெறா. நூல் ஒருவகை வினாவைப் பயிற்ற, வீடு வேறுவகை வினாவை எதிர்கொண்டது. அந்த இடைவெளியை நிரப்பியவர் பெரும்பாலும் தாயரும் பாட்டியருமே. அவர் சொன்ன விடைகள் எழுதப்படாமையால் வரலாற்றுக்குள் வரவில்லை.

ஏழு வயது

உலகளாவிய திருச்சபையின் இரு முடிவுகள் தமிழ் இல்லத்தையும் தொட்டன. முதலாவது, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில் 1910 ஆகத்து 8ஆம் நாள் வெளியான ஆணை. அதுகாறும் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு, சில இடங்களில் பதினான்கு வயது வரையும் காத்திருந்தே சிறுவர் நற்கருணை பெற்றனர். இவ்வாணை பகுத்தறியும் பருவத்தை ஏறத்தாழ ஏழு வயது என வரையறுத்தது. முழுமையான மறையறிவு வேண்டா. நற்கருணையைப் பொது அப்பத்தினின்று வேறுபடுத்தி அறிந்தாற் போதும் என்றது. பிள்ளையின் தகுதியைத் தீர்மானிக்கும் பொறுப்பில் பெற்றோர்க்கும் பங்கு தந்தது. ‘புதுநன்மை’ இல்லத்தின் விழாவாக வளர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். குழந்தையை ஆயத்தம் செய்யும் காலம் முன்தள்ளப்பட்டதால் கற்பித்தலின் சுமையும் வீட்டின்மேல் முன்னதாகவே விழுந்தது.

இரண்டாவது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962-1965). 1964இல் வெளியான திருச்சபை பற்றிய ஏடு குடும்பத்தை இல்லத் திருச்சபையாகக் கண்டு, பிள்ளைகளுக்கு நம்பிக்கையை முதலில் அறிவிப்போர் பெற்றோரே என்றது. 1965இன் கல்வி பற்றிய அறிக்கை அதனை வலியுறுத்திற்று. சவேரியார் காலத்தில் பிள்ளையிடமிருந்து பெற்றோர்க்கு ஓடிய நீர், கணக்கப்பிள்ளை என்னும் மடை வழியே பாய்ந்து, இறுதியில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஓடத் தொடங்கியது.

சொற்களின் தலைமுறை

ஆனால் அதே காலத்தில் கற்பிக்க வேண்டிய சொற்களும் மாறின என்பதே சிக்கல். தம்பிரான் என்னும் சொல் தத்துவ போதகர் மரபில் சர்வேசுரனுக்கு இடந்தந்தது; அது பின்னர்க் கடவுள், இறைவன் என்பவற்றிற்கு வழிவிட்டது. போர்த்துக்கீசிய ஒலியோடு வழங்கிய இஸ்பிரீத்து சாந்து, பரிசுத்த ஆவியாகித் தூய ஆவியாயிற்று. தேவதிரவிய அனுமானம் அருட்சாதனமாயிற்று. பிரியதத்தம் என்னும் பழஞ்சொல் அருளாயிற்று. கற்பனைகள் கட்டளைகளாயின, இன்றைய குழந்தைக்குக் கற்பனை என்பது வேறொன்று. சவேரியார் 1544இல் வற்புறுத்திய விசுவாசமும் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தில் நம்பிக்கை என்றாகியது.

இம்மாற்றங்கள் தேவையானவையே. பொருள் விளங்காச் சொல்லைக் குழந்தை கிளிபோல் ஒப்பிப்பதில் பெருமை ஏதுமில்லை. எனினும் மாலையில் செபமாலை சொல்லும் இல்லத்தில் பாட்டி ஒரு சொல்லும் பேத்தி மற்றொரு சொல்லும் கூறும் நிலை உருவாயிற்று. கற்பிக்கத் தகுதியுடையோர் எனத் திருச்சபை ஏற்ற அதே நாளில், மூத்த தலைமுறை தாம் அறிந்த பாடம் பழையதாகிவிட்டதைக் கண்டது. மறைக்கல்வி வகுப்பில் புதுப்பாடம் கற்று வந்த பிள்ளை மீண்டும் பெரியோரைத் திருத்தலாயிற்று.

மாறாதது ஒன்றுண்டு; அது முன்னிலைப் பெயர். தாயை ‘நீ’ என்றும் தந்தையை ‘நீங்கள்’ என்றும் விளிக்கும் குழந்தை, இறைவனை மட்டும் ‘நீர்’ என்றும் ‘உம்’ என்றும் விளிக்கக் கற்கிறது. நெல்லை, தூத்துக்குடி வட்டாரப் பேச்சில் இவ்வடிவம் இன்றும் உயிரோடு உள்ளது. பிற பகுதிக் குழந்தைக்கோ அது வேண்டுதலில் மட்டுமே ஒலிக்கும் சொல். நெருக்கமும் மதிப்பும் கலந்த இவ்விளியைக் குழந்தை எந்த இலக்கண நூலிலிருந்தும் பெறவில்லை. உடன் மண்டியிட்டவரின் குரலிலிருந்து பெற்றது.

மும்பை, தில்லி, பெங்களூர் முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். அங்குத் தமிழ் பேசியும் தமிழெழுத்து அறியாமல் வளரும் பிள்ளைகளுக்கு வேண்டுதல்களை உரோமன் எழுத்தில் எழுதித் தரும் பெற்றோர் உளர். 1554 பிப்ரவரியில் லிசுபனில் அச்சான கார்த்திலா என்னும் மறைச்சிற்றேடு, தமிழ் வேண்டுதல்களைப் போர்த்துக்கீசியத்துடன் உரோமன் எழுத்திலேயே தந்தது. விசெந்தே தே நசரேத்து, சோர்சு கார்வாலோ, தோமா தா குரூசு என்னும் இந்தியக் கிறித்தவர் மூவர் அதனை ஆக்குவதில் பங்கு கொண்டனர். அவர்களும் தம் ஊரைவிட்டுத் தொலைவில் இருந்தவர்களே.