ஜூரிச்சிலிருந்து கான்பெரா வரை: ஆட்டிசத்தின் பயணம்

இன்று குழந்தைகளோடு சேர்த்தே நாம் நினைக்கும் ஆட்டிசம், முதலில் பெரியவர்களுடையதாக இருந்தது. ஜூரிச் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் 1911இல் எழுதிய நூலில் அது மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறி; நோயாளி வெளியுலகை விட்டுத் தனக்குள் ஒடுங்கிப்போவது.

அதைக் குழந்தைகளிடம் கண்டவர்களில் முந்தியவர் மாஸ்கோவில் பணியாற்றிய மனநல மருத்துவர் குரூன்யா சுகரேவா. 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளைப் படிக்கும் இன்றைய மருத்துவருக்கு ஆட்டிசம் உடனே நினைவுக்கு வரும். மறு ஆண்டே அவை ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தன. ஆனால் 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் அதேபோன்ற சிறுவர்களைப் பற்றி எழுதியபோது சுகரேவாவின் பெயரைக் குறிப்பிடவில்லை. பின்னாளில் உலகம் பல பத்தாண்டுகள் ஆஸ்பெர்கரைத்தான் கொண்டாடியது.

ஆஸ்பெர்கர் இருந்த அதே வியன்னா மருத்துவமனையில் வேலை பார்த்தவர் கியோர்க் ஃபிராங்கல். யூதர். 1937இல் அமெரிக்கா போய், பால்டிமோரில் மனநல மருத்துவர் லியோ கேனரோடு சேர்ந்தார். கேனர் 1943இல் 11 குழந்தைகளை விவரித்து வெளியிட்ட கட்டுரையே ஆட்டிசத்தைத் தனி நிலையாக நிறுத்தியது. அவர் வகுத்த வரையறை குறுகலானது. பிறகு, தாயின் பாசக்குறைவே காரணம் என்ற கொடிய கருத்து பரவி எத்தனையோ பெண்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. அதை எதிர்த்து 1964இல் புத்தகம் எழுதிய பெர்னார்ட் ரிம்லண்ட், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை.

வாசலை அகலமாக்கியவரும் ஒரு பெற்றோர்தான். லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங்கின் மகளுக்கு ஆட்டிசம் இருந்தது. விங்கும் ஜூடித் கோல்டும் தென்லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் சிறப்பு உதவி தேவைப்பட்ட குழந்தைகளை ஒவ்வொருவராகத் தேடிப் பார்த்தார்கள். கேனரின் வரையறைக்குள் வந்தவர்கள் 10,000 பேருக்குச் சுமார் 5 பேர். அதில் அடங்காவிட்டாலும் பிறரோடு பழகுவதில் அதே வகைச் சிரமம் இருந்தவர்களையும் சேர்த்தால் சுமார் 21 பேர். 1979இல் வெளிவந்த இந்தக் கணக்கை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். வரையறை இவ்வளவு விரிந்ததே உதவி கிடைக்காமல் விடுபட்ட குழந்தைகளுக்காகத்தான். ஆஸ்பெர்கரை ஆங்கில உலகம் பரவலாக அறிந்ததும் 1981இல் விங் எழுதிய கட்டுரையால்தான்.

2013இல் இரண்டு நிகழ்வுகள் தற்செயலாக ஒன்று சேர்ந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, ஐந்தாம் பதிப்பில், எல்லா வகைகளையும் ஒரே ஆட்டிசமாக்கி, தேவைப்படும் ஆதரவின் அளவைக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரித்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியா, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. யாருக்கு உதவி உண்டு என்பதைத் தீர்மானிக்க இந்த நிலைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று கையேடே எச்சரித்திருக்கிறது. ஆனாலும் திட்டத்தில் சேரும் தகுதிக்கான பட்டியலில் அவை அப்படியே ஏறின. இரண்டாம், மூன்றாம் நிலை என்று மருத்துவர் எழுதினால் எளிதில் நுழையலாம். முதல் நிலை என்றால் குடும்பம் தனியாக ஆதாரம் தேடிப் போராட வேண்டும். மருத்துவரின் பேனா முனையில் பணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

2025 ஆகஸ்டில் அமைச்சர் மார்க் பட்லர், ஆறு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் இத்திட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். அந்த வயது ஆண் குழந்தைகளில் 16 சதவீதம். லேசான, நடுத்தரத் தேவையுள்ள சிறு குழந்தைகளை 'த்ரைவிங் கிட்ஸ்' என்ற வேறு ஏற்பாட்டுக்கு மாற்றப்போவதாகவும் அறிவித்தார். இதற்கு 200 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஒதுக்கப்பட்டது. கிடைத்துவந்த உதவி போய்விடுமோ என்று பெற்றோர் பதறினார்கள். பேச்சே வராத, நாள் முழுக்கத் துணை தேவைப்படும் பிள்ளைகளின் குடும்பங்களுக்கு இன்னொரு கவலை: இவ்வளவு பெரிய கூட்டத்தில் தங்கள் பிள்ளை மறைந்துவிடுகிறதே என்று. இரண்டு பயமும் நியாயமானவை.

பெற்றோர் மருத்துவரிடம் நிலையைக் கூட்டி எழுதித் தரக் கேட்கிறார்கள் என்று குறைசொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. உதவிக்கு ஒரே ஒரு வாசலை வைத்தால் எல்லாரும் அதில்தான் வந்து நிற்பார்கள். குழந்தைக்கு உண்ண, பேச, பள்ளியில் இருக்க என்ன தேவை என்று பார்த்து உதவியை முடிவு செய்யட்டும். பள்ளியிலும் ஊர் மருத்துவமனையிலும் புதிய ஏற்பாடு உண்மையாகவே நடக்கத் தொடங்கும்வரை, ஆஸ்திரேலிய அரசு எந்தக் குழந்தையையும் பழைய திட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது.