பத்தில் ஆறும் இருநூறில் எழுபதும்

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அவர் கேட்ட கேள்விகளில் தங்கள் சிறுவயதையே அடையாளம் கண்டுகொள்ளும் அப்பாக்களும் அம்மாக்களும் உண்டு. 'நாமும் பார்த்துவிடலாமா?' என்ற எண்ணம் பலருக்கு நாற்பது வயதுக்கு மேல் அப்படித்தான் வருகிறது. மான்செஸ்டர்காரருக்கும் மதுரைக்காரருக்கும் குழப்பம் ஒன்றுதான். ஆனால் அவரவர் அரசு அவரவரிடம் கேட்பது வேறு.

இங்கிலாந்தின் 2009 ஆட்டிசம் சட்டம் வயதுவந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. குடும்ப மருத்துவர் முதலில் பத்துக் கேள்விகள் உள்ள படிவத்தைத் தருவார். ஆறு மதிப்பெண் வந்தால் சிறப்புக் குழுவுக்குப் பரிந்துரை. அந்தக் குழு நீண்ட நேரம் பேசும், பழைய பள்ளி அறிக்கைகளைப் பார்க்கும், பெற்றோர் இருந்தால் அவர்களையும் விசாரிக்கும். கடைசியில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்ற பதிலோடு ஒரு விளக்க அறிக்கை கிடைக்கும். அதில் சதவீதம் கிடையாது. மூன்று மாதத்துக்குள் தொடங்க வேண்டிய இந்த மதிப்பீட்டுக்கு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பது தனிக்கதை.

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாட்டு வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும். அதை அளக்க 'ஐசா' என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. மொத்தம் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கே 40 வந்துவிடும், உச்சம் 200. ஆட்டிசம் என்று சொல்ல 70-ஐத் தொட வேண்டும்.

சிக்கல் இங்கேதான். கண்ணைப் பார்க்கிறாரா, சொன்னதையே திருப்பிச் சொல்கிறாரா என்றெல்லாம் அந்த அளவுகோல் பார்க்கிறது. நம் மதுரைக்காரரோ எதிராளியின் புருவ மத்தியைப் பார்த்துப் பேச எப்போதோ பழகிவிட்டார். கல்யாண வீட்டில் 'எப்ப வந்தீங்க, சாப்டீங்களா' என்ற இரண்டு வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பார். மூன்றாவது வரி தேவைப்படும்போது கைகழுவும் இடத்தைத் தேடிப் போய்விடுவார். பரிசோதனை அறையில் அந்த இரண்டு வரி போதும், மதிப்பெண் இறங்கிவிடும். எவ்வளவு பாடுபட்டு மறைத்தாரோ அவ்வளவுக்கு அவர் 'நன்றாக' இருக்கிறார்! இந்த மறைப்பு இங்கிலாந்தின் குழுவையும் ஏமாற்றக்கூடியதுதான், முக்கியமாகப் பெண்கள் விஷயத்தில். ஆனால் கற்றுக்கொண்ட உத்திகள் அறிகுறிகளை மூடிவிடலாம் என்று 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடே சொல்லிவிட்டது. நீண்ட நேர்காணலில் அதைத் துருவிக் கேட்கலாம். கண்ணில் படுவதற்கு எண் போடும் அளவுகோலில் அதற்கு இடம் குறைவு.

இரண்டு ஊரிலும் அம்மாவின் ஞாபகம் தேவைப்படுகிறது. நம் வீட்டு அம்மா சொல்வது பெரும்பாலும் இதுதான்: "அவனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், அவங்க அப்பாவும் யார்கிட்டயும் பேச மாட்டாரு." மறுப்பதாக நினைத்துத்தான் அவர் சொல்கிறார். பரம்பரையின் பங்கு பெரிதாக உள்ள விஷயத்தில் அதுவே ஒரு தடயம்.

உரிமை என்று வரும்போது இரு நாடுகளும் நாம் நினைப்பதைவிட நெருங்கியே இருக்கின்றன. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், குறைபாடு அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்றே பார்க்கிறது. எனவே சந்தடியில்லாத இருக்கையையோ எழுத்தில் தரும் வேலைக் குறிப்பையோ மதிப்பீடு முடியும் முன்பே கேட்கலாம். இங்கே, விகாஷ் குமார் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம், தேர்வில் எழுத்தர் உதவி போன்ற நியாயமான வசதிக்கு 40 சதவீதம் கட்டாயமில்லை என்றது. தீர்ப்பு அலுவலகங்களின் மனிதவளப் பிரிவுவரை வந்து சேரவில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே மதுரைக்காரர் இரண்டு காகிதங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அரசு வேலையோ வரிச்சலுகையோ வேண்டுமென்றால் மருத்துவக் குழுவிடம் போய்த்தான் ஆகவேண்டும். தன்னைப் புரிந்துகொள்ள மட்டும் என்றால், வயதுவந்தோரின் ஆட்டிசத்தில் பழக்கமுள்ள மனநல மருத்துவரோ உளவியலாளரோ தரும் அறிக்கை போதும். அதை வரன் பார்க்கும் தரகரிடம் காட்ட வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு மருந்து மாற்றி மருந்து சாப்பிட்டும் தேறாதவராக இருந்தால், எந்த ஊரானாலும் மதிப்பீட்டுக்குப் போகத்தான் நான் சொல்வேன். ஆட்டிசத்துக்கு மருந்து கிடையாது. ஆனால் அது தெரிந்தால், அந்த மனச்சோர்வுக்கான பேச்சுச் சிகிச்சையையாவது அவருக்கு ஏற்றபடி மாற்றித் தருவார்கள்.