பொய் வானம்

கணி என்றால் வேங்கை மரம். கணி என்றால் வருவதைக் கணித்துச் சொல்பவன் என்றும் பொருள். கணியம்பாடி என்ற பெயருக்கு இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம், இரண்டும் பொருந்தும். இரண்டும் பொருந்துவதுதான் சங்கடம். எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிற முறையை நான் நம்புவதில்லை. இந்தக் கட்டுரை அந்த அவநம்பிக்கையைப் பற்றியது. ஆனால் ஊர்ப்பெயரை விட்டு வானத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கணியம்பாடி. தென்மேற்கே ஜவ்வாது மலை. அந்த மலைக்குள், ஆலங்காயம் வழியாகப் போனால், வைணு பாப்பு 1960களின் இறுதியில் தொடங்கிய காவலூர் வானாய்வகம் இருக்கிறது. ஒரு மாலை, சூரியன் சாயும் நேரத்தில், நண்பர் தந்த போலராய்டு கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்து உச்சி வானத்துக்கு எதிரே மெல்லத் திருப்பினேன். வானம் கருத்தது, வெளுத்தது, மறுபடி கருத்தது. வானத்தின் ஒளி எல்லாத் திசையிலும் ஒருபோல அதிர்வதில்லை. ஒரு தளத்தில் கூடுதலாக அதிர்கிறது. இதைத் தளவிளைவு என்று பாடப்புத்தகம் சொல்லும். சிதறிய ஒளி, தான் எப்படிச் சிதறியது என்பதற்கான தடயத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது. கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை.

இந்தத் தடயத்தைக் கணக்காக்கியவர் நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர்க்காரர். 1910இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். அவர் பெயரைச் சொன்னதும் நமக்கு 1983ஆம் வருஷத்து நோபல் பரிசும், விண்மீன்களின் எடை வரம்பும் நினைவு வரும். 1940களில் அவர் செய்த வேலையை நாம் அதிகம் பேசுவதில்லை. எலக்ட்ரான்கள் நிறைந்த சூடான விண்மீன் வளிமண்டலத்தில் ஒளி சிதறி வெளியேறும்போது அதன் தளவிளைவு எவ்வளவு இருக்கும் என்று 1946இல் கணக்கிட்டார். விண்மீன் வட்டின் விளிம்பில் அது 11.7 சதவீதம் வரை போகும் என்றது கணக்கு. இதற்காக, ஸ்டோக்ஸ் 1852இல் எழுதிவைத்து ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த நான்கு அளவுகளை வானியலுக்குள் கொண்டுவந்தார். இன்று வானத்தின் தளவிளைவை வரையும் எந்தப் படத்திலும் க்யூ, யூ என்று அந்த அளவுகளில் இரண்டு நிற்கின்றன.

கணித்தாயிற்று. பார்ப்பது எப்படி? விண்மீன் நமக்குப் புள்ளி. விளிம்பின் ஒரு பக்கம் இருப்பதை இன்னொரு பக்கம் அடித்துவிடும். இரட்டை விண்மீன்களில் ஒன்று மற்றதை மறைக்கும்போது மட்டும், ஒரு சிறு விளிம்பு தனியே எஞ்சி நிற்கும். அந்தக் கணத்தைப் பிடிக்கத்தான் ஹில்ட்னரும் ஹாலும் கிளம்பினார்கள். தளவிளைவு கிடைத்தது. ஆனால் மறைப்பு முடிந்த பிறகும் அது போகவில்லை. பக்கத்து விண்மீன்களிலும் இருந்தது. 1949இல் இருவரும் தனித்தனியே எழுதினார்கள்: இது விண்மீனின் குணமல்ல, வழியில் இருக்கும் தூசியின் வேலை. விண்மீன்களுக்கிடையே நீள்வடிவத் துகள்கள் காந்தப்புலத்துக்கு இசைய வரிசைப்பட்டு நின்று, கடந்துபோகும் ஒளியை ஒரு திசையில் கூடுதலாக உறிஞ்சுகின்றன. சந்திரசேகரின் விளிம்பு விளைவு மறைப்பு விண்மீனான அல்கோலில் பிடிபட 1983 ஆயிற்று; அதுவும் மிகச் சிறிய அளவில்.

ஒன்றைத் தேடிப் போய் தூசியைக் கண்டார்கள். தூசியைத் தூசி என்று சொல்லவும் செய்தார்கள். இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. மறைப்புக்கு வெளியேயும் அளந்து பார்த்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. மறைப்பு நேரத்தில் மட்டும் அளந்திருந்தால், தேடியதைக் கண்டுவிட்டதாகவே நினைத்திருக்க முடியும்.

இப்போது அதே எலக்ட்ரான், அதே சிதறல், மேடைதான் பெரிது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது எலக்ட்ரான்கள் அணுக்களில் அடங்கின, ஒளி விடுபட்டது. 1965இல் பென்சியாசும் வில்சனும் அறிவித்த நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அதுதான். இன்று அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். விடுபடுமுன் நடந்த கடைசிச் சிதறல் அதில் தளவிளைவைப் பதித்திருக்க வேண்டும் என்று மார்ட்டின் ரீஸ் 1968இல் சொன்னார். தென்துருவத்தில் வைத்த டாசி என்ற கருவி 2002இல் அதைக் கண்டது. அது சந்திரசேகர் நெடுங்காலம் பணிபுரிந்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் கருவி. அவர் 1995இலேயே இறந்துவிட்டார்.

அந்தத் தளவிளைவில் இரண்டு சாயல்கள். கோலப் புள்ளி ஒன்றைச் சுற்றிச் சிறு கோடுகள் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடுகள் புள்ளியிலிருந்து கதிராக விரியலாம், அல்லது அதை வட்டமாகச் சூழலாம். கண்ணாடியில் காட்டினால் இரண்டும் மாறாது. கோடுகள் சாய்ந்து சுழி போல நின்றால், கண்ணாடியில் சுழி திசை மாறும். முதல் வகைக்கு ஈ, இரண்டாவதற்கு பி என்று பெயர். 2002இல் கண்டது ஈ. பெருவெடிப்பின் முதல் கணத்தில் ஈர்ப்பலைகள் எழுந்திருந்தால், அவை பெரிய சுழிகளாகப் பி சாயலை விட்டுப் போயிருக்கும். அலைகளின் வலிமையை ஆர் என்ற ஓர் எண்ணால் குறிக்கிறார்கள். அது பூஜ்யமாகவும் இருக்கலாம்.

2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்2 குழு, சுழிகளைக் கண்டோம், ஆர் ஏறக்குறைய 0.2 என்று அறிவித்தது. அவர்கள் பார்த்தது 150 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். அப்போது கைவசம் இருந்த தூசி மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். மாதிரிகள் தூசியைக் குறைத்து மதித்திருந்தன. பிளாங்க் விண்கலம் 353 கிகாஹெர்ட்ஸில் தூசியையே நேராக அளந்திருந்தது. 2015இல் இரு தரப்பும் சேர்ந்து கணக்குப் பார்த்தபோது, கண்டதன் பெரும்பகுதி தூசி என்றாயிற்று. ஹில்ட்னரும் ஹாலும் கண்ட அதே தூசி. விண்மீன் ஒளியை ஒரு திசையில் உறிஞ்சும் துகள், தன் வெப்பத்தை அதே திசையில்தான் கூடுதலாக உமிழ்கிறது. காவலூரின் 102 செ.மீ. தொலைநோக்கியில் கருவி பொருத்தி அளந்த விண்மீன் தளவிளைவும், பிளாங்க் வரைந்த தூசிப் படமும் ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள்.

இதற்குப் பிறகு இன்னொரு விண்கலத்தைத் திட்டமிடுகிறவர்கள் என்ன செய்ய வேண்டும்? பொய் வானம் செய்ய வேண்டும். கணிப்பொறிக்குள் ஒரு வானத்தைப் படைக்கிறார்கள். அதில் தாங்களே தீர்மானித்த ஆர் அளவில் சுழிகளை வைக்கிறார்கள். அதன்மேல் தூசி, காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்களின் உமிழ்வு, வழியிலுள்ள பொருள்களின் ஈர்ப்பு செய்யும் வளைவு, கருவியின் இரைச்சல். பிறகு, உண்மை தெரியாதவர்கள் போல, எல்லாவற்றையும் பிரித்தெடுத்து ஆர் என்ன என்று கேட்கிறார்கள். ஒரு தடவை அல்ல. பிளாங்குக்காக இப்படிச் சுமார் 10,000 வானங்கள் செய்தார்கள்.

இவற்றில் என்னை ஈர்ப்பது ஆர் பூஜ்யமாக வைத்த வானம். அதில் ஒன்றுமே இல்லை. அதைக் கொடுத்தும் முறை எதையோ கண்டுபிடித்து நீட்டினால், கோளாறு முறையில். கண்டடையும் திறமையைவிட, இல்லாததை இல்லை என்று சொல்லும் திறமைக்குத்தான் முதலில் பரீட்சை.

இந்தியாவிலும் இது நடந்தது. இந்திய அண்டவியலாளர்கள் கூடி, சிஎம்பி-பாரத் என்று பரவலாக அறியப்படும் எக்கோ என்ற விண்கலத் திட்டத்தை இஸ்ரோவிடம் முன்வைத்தார்கள். ஆர் 0.001 அளவுக்குச் சிறியதாக இருந்தாலும் பிடிக்க வேண்டும் என்பது இலக்கு. 2022இல் வெளியான ஆய்வொன்று அதன் பாவனைகளைச் சொல்கிறது. தூசி எளிமையாக நடந்துகொள்ளும் வானத்தில், இரண்டு பிரிப்பு முறைகளுமே இலக்கை எட்டின. தூசியின் சாயல் அலைவரிசைக்கு அலைவரிசை சற்றே மாறும் சிக்கலான வானத்தைக் கொடுத்தபோது இரண்டும் ஒருபோல நிற்கவில்லை. தூசியை முன்கூட்டியே ஒரு சூத்திரத்தில் அடக்கிக்கொண்ட முறை கூடுதலாகப் பிசகியது. அப்படிக் கருதிக்கொள்ளாத முறை குறைவாகப் பிசகியது. ஒரு விண்கலம் ஏவப்படுவதற்கு முன்பே, அது எப்படி ஏமாறும் என்ற சரித்திரம் எழுதப்பட்டுவிட்டது.

பாவனைக்கும் எல்லை உண்டு. நாம் கற்பனை செய்யக்கூடிய தூசியைத்தான் அதில் போட முடியும். 2014இல் நடந்தது அதுதான். ஆகவே பாவனை சத்தியத்தைத் தராது. நம் கற்பனையின் வறுமையைக் காட்டித் தரும். அது சிறிய லாபமில்லை.

நம் சூழலில் சரித்திரம் எழுதுகிற முறைகளை இதனருகே வைத்துப் பார்க்கிறேன். கல்வெட்டின் ஒரு சொல், ஊர்ப்பெயரின் ஓர் அசை, பழம்பாட்டின் ஒரு வரி. எதைக் கொடுத்தாலும் நம் முறைகள் பெருமையைக் கண்டுபிடித்துத் தந்துவிடுகின்றன. பெருமையே இல்லாத ஒரு வானத்தைக் கொடுத்தால் அவை என்ன சொல்லும் என்று நாம் சோதித்ததில்லை. சந்திரசேகர் நம்மவர் என்பதும் அப்படிக் கண்டெடுத்த ஒன்றாகவே நின்றுவிட்டது. அவருடைய கணக்கை நம்பிப் போனவர்கள் கண்டது வேறொன்று. அதை அவர்கள் அவர் பெயரில் எழுதிவைக்கவில்லை. அந்த நேர்மையைப் பின்பற்றுவதுதான் அவரைக் கொண்டாடுவது.

மறுநாளும் கணியம்பாடியில் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். வானம் கருத்தது, வெளுத்தது. அப்புறம், முந்தின நாள் செய்யத் தோன்றாத ஒன்றைச் செய்தேன். தளவிளைவு இல்லாத ஒரு சாதாரணக் குண்டுபல்பை ஏற்றி, அதற்கெதிரே கண்ணாடியைப் பிடித்துத் திருப்பினேன். ஒன்றும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் முந்தின நாள் வானத்தில் கண்டதை நம்பினேன்.