கொசு நடத்திய பாடம்

பிளஸ் டூவில் உயிரியல் என்றால் படம் போட்டுப் பாகங்களைக் குறிப்பதுதான். இன்ஜினியரிங் சீட் கிடைத்ததும் "விட்டது தொல்லை" என்று நோட்டைத் தூக்கிப் போட்டவன் நான். கோரிமேட்டின் கதை தெரிந்த பிறகுதான் எதைத் தவறவிட்டேன் என்று புரிந்தது.

1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் நகரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். 1975-ல் புதுச்சேரியில் தொடங்கி, அதே கோரிமேடு பக்கம் இயங்கும் வி.சி.ஆர்.சி. பற்றி எத்தனை பேர் யோசித்திருப்போம்? நோய் பரப்பும் கொசுக்களை ஆராய்வதே அதன் வேலை.

1981 முதல் 1985 வரை புதுவையில் யானைக்கால் நோய்க் கொசுவை எதிர்த்து அவர்கள் ஒரு திட்டம் நடத்தினார்கள். மருந்தடிப்பதை மட்டும் நம்பவில்லை; கழிவுநீர் தேங்கும் இடங்களையே ஒழிக்கப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்தக் கொசு வளர்வது அழுக்குநீரில்.

அடுத்து, 1986-ல் கேரளத்துச் சேர்த்தலைக்குப் போனார்கள். அங்கே யானைக்காலைப் பரப்பியது வேறு கொசு, மான்சோனியா. அதன் புழு ஆகாயத்தாமரை வேரைத் துளைத்து அதிலிருந்து மூச்சு விடும். செடியை எடுத்தால் புழுவுக்கு மூச்சு ஏது? செடி அகற்றும் வேலையில் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நாம் படமாக வரைந்ததை அவர்கள் குளத்தில் இறங்கிப் படித்தார்கள்!

தெருச் சாக்கடையில் வாட்டம் சரியில்லை என்றால் தண்ணீர் நிற்கும், கொசு வளரும். வாட்டம் பார்ப்பது நம்ம வேலைதானே? தம்பி, தங்கைகளே! புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைய வேண்டாம். உங்க தெருச் சாக்கடையை ஒருமுறை குனிந்து பாருங்க.