ஒரு குப்பித் தைலம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் ஒருவர் இறந்துவிட்டால், உடலைக் குளிப்பாட்டி எண்ணெய் பூசி, துணி போர்த்திக் கிடத்துவது வீட்டுப் பெண்களின் பொறுப்பு. அருகில் வாசனைத் தைலம் நிரம்பிய மண் குப்பிகளை வைப்பார்கள். பிறகு கல்லறைக்குப் போகும்போதும் கூடையில் குப்பிகளும் நாடாக்களும் கொண்டுபோவார்கள். இதை நமக்குச் சொல்வது அந்தக் குப்பிகளே. அவற்றின் மேல் வரையப்பட்டிருப்பது இதே காட்சிதான்.

அந்தக் குப்பியின் பெயர் லெகித்தோஸ். ஒடுங்கிய உடல், மெல்லிய கழுத்து, ஒரு பக்கம் கைப்பிடி. கழுத்து ஏன் அவ்வளவு குறுகல்? உள்ளே இருந்தது அவ்வளவு விலை உயர்ந்தது.

அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் நறுமணங்கள் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். எண்ணெயை நேராக நெருப்பில் வைக்கக்கூடாது, கொதிநீரில் பாத்திரத்தை இறக்கித்தான் சூடேற்ற வேண்டும். துவர்ப்புள்ள வாசனைப் பொருள்களை முதலில் ஊறவைத்தால்தான் பின்னால் சேர்க்கும் மணம் எண்ணெயில் பிடிக்கும். வெயில் பட்டால் தைலம் கெடும் என்பதால் வியாபாரிகள் நிழலான மாடி அறைகளைத் தேடினார்கள். ஈயப் பாத்திரமும் அலபாஸ்டர் கல் குப்பியும் தைலத்துக்கு உகந்தவை என்கிறார் அவர். எகிப்தில் அந்தக் கல்லில் குடைந்த நீள்குப்பியைக் கிரேக்கக் குயவர்கள் களிமண்ணில் வனைந்தார்கள். அதுதான் அலபாஸ்ட்ரான்.

இதற்கெல்லாம் முன்னோடி கொரிந்த் நகரம். அந்த ஊர் ஐரிஸ் தைலம் நெடுங்காலம் புகழோடு இருந்ததாக ரோமானியரான பிளினி எழுதுகிறார். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் கொரிந்த் குயவர்கள் கைக்குள் அடங்கும் அரிபல்லோஸ் குப்பிகளைச் செய்து கடல் கடந்து இத்தாலி, சிசிலி வரை அனுப்பினார்கள். சின்னத் துளையைச் சுற்றி அகலமான தட்டை விளிம்பு. ஒரு சொட்டை அதில் விட்டு அப்படியே தோலில் தேய்த்துக்கொள்ளலாம், வீணாகாது. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர்கள் இதை வாரில் கட்டி மணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டார்கள்.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மாக்மில்லன் அரிபல்லோஸின் உயரம் சுமார் 7 செ.மீ. மட்டுமே. வாய் இருக்க வேண்டிய இடத்தில் சிங்கத் தலை. உடம்பில் கேடயமேந்திப் போரிடும் 18 வீரர்கள், அவர்களுக்குக் கீழே குதிரைப் பந்தயம், அதற்கும் கீழே முயல் வேட்டை. இத்தனையையும் வரைந்த கை கி.மு. 640 வாக்கில் வாழ்ந்தது. அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம், அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும்.

மறுபடி ஏதென்ஸ். கல்லறைக்கான லெகித்தோஸுக்கு வெண்ணிறக் களிமண் பூச்சு கொடுத்து, அதன் மேல் மெல்லிய கோடுகளால் வரைந்தார்கள். சிவப்பு, நீலம் போன்ற நிறங்களைச் சூளையில் சுட்ட பிறகே தீட்டினார்கள். தொட்டால் உதிரும், தினப் புழக்கத்துக்கு ஆகாது. தானடோஸ் ஓவியர் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் ஒருவர், உறக்கமும் மரணமும் இரு சிறகுள்ள மனிதர்களாக வந்து, மாண்ட வீரனைத் தூக்கிச் செல்வதாக வரைந்திருக்கிறார்.

இந்த வெண்குப்பிகள் சிலவற்றை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கழுத்துக்குக் கீழே சின்னக் கிண்ணம் ஒன்று ஒட்டியிருந்தது. தைலம் அதற்குள் மட்டும்தான், மீதி உடல் காலி. சூளையில் வெடிக்காமலிருக்கக் காற்று வெளியேற ஒரு துளை விட்டிருப்பார்கள். இதைக் கஞ்சத்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துளை கண்ணுக்குத் தெரியும், ஊற்றும்போதே கொள்ளளவும் தெரிந்துவிடும். வாங்கியவர்கள் தெரிந்தேதான் வாங்கியிருப்பார்கள். கையில் இருந்த கொஞ்சத் தைலத்தை, தகுந்த மரியாதையோடு கொடுக்க நினைத்த குடும்பங்கள் அவை.

கி.மு. 400ஐ ஒட்டி வெண்குப்பிகள் நின்றுபோயின. அதற்குச் சற்று முன்பே வசதியுள்ளவர்கள் அதே வடிவத்தைப் பளிங்கில் பெரிதாகச் செதுக்கிக் கல்லறை மேல் நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். மிர்ரினே என்ற பெண்ணை ஹெர்மெஸ் தேவன் கைப்பிடித்து அழைத்துப்போகும் பளிங்கு லெகித்தோஸ் ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

(தொடரும்)