பிறைச் செய்தியும் அதைக் கொணர்பவரும்

சிரியாவிலிருந்து மதீனா திரும்பிய குரைப், அங்கே வெள்ளி இரவிலேயே ரமளான் பிறை காணப்பட்டதாக அறிவித்தார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், அவர் நேரில் கண்டாரா என்று முதலில் வினவினார்கள். கண்டதாக அவர் கூறியும், மதீனாவில் சனி இரவில் கண்ட கணக்கிலேயே நின்றார்கள். ஸஹீஹ் முஸ்லிம் தரும் செய்தி இது.

1850களில் இந்தியாவில் தந்தி வந்தபின் அவ்வினா மீண்டும் எழுந்தது. தந்தியில் சாட்சியின் முகமில்லை. எனவே உலமாக்கள் பலர் அதை ஷஹாதத்தாக ஏற்கத் தயங்கினர். இதைப் பிற்போக்கு என எள்ளியோர் ஃபிக்ஹை அறியாதோர். 1836இல் மறைந்த இப்னு ஆபிதீன் தமது ரத்துல் முஹ்தாரில் ஒரு விளக்கத்தை எடுத்துக்காட்டுகிறார்: ஓர் ஊரிலிருந்து பல குழுவினர் வந்து, தம் ஊரார் பிறை கண்டு நோன்பு நோற்றதை அறிவிப்பதே இஸ்திஃபாளா, பரப்பியவர் யாரெனத் தெரியாத பேச்சு அன்று.

இன்று ரமளான் 29ஆம் நாள் மாலையில் கைபேசிகள் ஓய்வதில்லை. 2018இல் வாட்ஸ்அப் சேர்த்த குறி, செய்தி கைமாறி வந்ததைக் காட்டும், தொடங்கியவரைக் காட்டாது. மகன் திரையை நம்பிப் பெருநாள் தொழச் செல்ல, தந்தை உள்ளூர் ஜமாஅத்தின் அறிவிப்புக்காக நோன்புடன் காத்திருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு.