குழாயில் கேட்காத கிட்டார்

எண்பதுகளில் பெரம்பலூர்ப் பக்கம் எறையூர் மாதிரி ஊர்களில் காதுகுத்து என்றாலும் மாரியம்மன் திருவிழா என்றாலும் முதல் வேலை ரேடியோ செட் கட்டுவதுதான். மர உச்சியில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டால் கரும்புக் காட்டைத் தாண்டியும் பாட்டு போகும். பாடகரின் குரல் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும், வயலின் கேட்கும். பேஸ் கிட்டார் மட்டும் எங்கோ தொலைந்துபோகும். அதன் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. கூம்புக் குழாயோ சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ள எதையும் சரிவர வெளியே விடாது.

இளையராஜாவின் குழுவில் பல பத்தாண்டுகள் அந்தக் கம்பிகளை மீட்டியவர் சசிதரன்.

ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து அலைந்த வாத்தியக்காரர்களுக்காக, அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1951-இல் தோளில் மாட்டிக்கொள்ளும் மின் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ராக் இசை அதைப் பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லைன் நகரில் 1968-இல் உருவான 'நாசரெத்' குழுவின் பேஸ் கலைஞர் பீட் ஆக்னியூவுக்கு இசைத்தட்டு உறையில் படம் உண்டு, ஊர் ஊராக மேடை உண்டு. அதே தொழிலில் இருந்த கோடம்பாக்கத்துக்காரருக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு நாற்காலியும் எதிரே நொட்டேஷன் தாளும்தான்.

ஆனால் அந்தத் தாளில் இருந்தது லேசான சரக்கல்ல. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா, தாமே கிட்டார் வாசித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரங்களைத் தம் கையால் எழுதிக் கொடுப்பார். ஜெர்மானிய இசைமேதை பாக் மீது அவருக்கிருந்த பற்று 1986-இன் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில் வெளிப்படையாகத் தெரிந்தது. பேஸ் வரிகளில் அது அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்துக்காரர் ஒரே சுருதியைப் பிடித்து நிற்பது போல இந்த பேஸ் நிற்பதில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் முன்னே வரும், மெட்டுக்கு எதிர்மெட்டு கட்டும். 'பகலில் ஒரு இரவு' (1979) படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய பாட்டைக் கேட்பவர்கள் பலர், முதலில் முணுமுணுப்பதே பேஸ் வரியைத்தான். அன்றைய பதிவில் எல்லோரும் சேர்ந்தே வாசித்தார்கள். ஒருவர் பிசகினால் மொத்தக் குழுவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிராமத்துக்கு அந்த நாதம் வந்து சேர்ந்தது இசையால் அல்ல, மின்சாதனங்களால். 'ப்ரியா' (1978) பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகின. பிறகு டேப் ரெக்கார்டர் வீட்டுக்கு வந்தது, பேருந்துகளில் கேசட் பாடியது, திருவிழாப் பந்தலில் குழாய்க்குத் துணையாகப் பெட்டி ஸ்பீக்கர் ஏறியது. பழைய பாட்டுகளே புதிதாகக் கேட்கத் தொடங்கின.

வாசித்தவர்களின் பெயர் வெளியே வர இன்னும் கொஞ்ச காலம் ஆனது. 'ரோஜா' (1992) படத்தில் அறிமுகமான ஏ.ஆர். ரஹ்மான், வாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் ஒலிநாடா, குறுந்தகடு உறைகளில் அச்சிடும் வழக்கத்தைப் பரவலாக்கினார். சென்னைக்காரரான கீத் பீட்டர்ஸ் என்ற பேஸ் கலைஞரை, அவர் முகத்தைப் பார்த்தே இராத ரசிகர்கள்கூட அந்தப் பொடி எழுத்துகளில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.